பதினான்கு நாய்களும் ஓர் அடக்கமும்

1

இந்தக் கதை என் குளியலறைக் கூரையிலிருந்து ஒழுகியது. அலங்காரமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒழுகியது. மேல்மாடி ஃபாபியானா குளியல் தொட்டிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது நிரம்புவதற்குள் டீ மாதிரி ஒரு மாத்தே போட்டுக் குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போயிருக்கிறாள். போன இடத்தில் மாத்தே இலை தீர்ந்திருந்தது. வாங்கிவரக் கீழே இறங்கினாள். கடையில் யாரோ ஒரு நாயின் காது வலியைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் கழித்து என் கூரைச் சுண்ணாம்பு பாளம் பாளமாகப் பெயர்ந்து, நான் துவைத்துக் காயப்போட்டிருந்த சட்டைகள் மேல் விழுந்தது.

கத்துவதற்காகத்தான் மாடியேறினேன். இது மூன்றாவது தடவை. அவள் வீட்டுக் கதவில் சாவி வெளிப்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. பிறகு ஒரு கையில் இலைப் பொட்டலமும் மறு கையில் யாருடையதோ ஒரு நாயுமாகப் படியேறி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணியா?"

"தண்ணிதான்."

படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், இடையில் மூச்சுகூட விடாமல், அழத் தொடங்கினாள்.

"எனக்கு என்னமோ இருக்காம் எழுத்தாளரே. பேரோட இருக்காம். நேத்துதான் டாக்டர் சொன்னாங்க."

"என்னது?"

"கவனக் குறைபாடு. நாப்பத்தேழு வயசுல! பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு வர்றதாம். எனக்குப் பள்ளிக்கூடத்துலயே இருந்துச்சாம், யாரும் பாக்கலையாம்."

கத்த வந்தவன் நான். ஆனால் எழுதுகிறவன் புத்தி இருக்கிறதே, அது கேவலமானது. ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எழுதிக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஃபாபியானா எப்போதும் தாமதமாகவே வந்தாள், ஏனெனில்

இங்கே நின்றுவிட்டேன். அந்த 'ஏனெனில்'லுக்குப் பிறகு என்ன எழுதுவது? அவள் அண்ணன் நெஸ்தோரிடம் ஒரு 'ஏனெனில்' இருக்கிறது. அவளுடைய மனப் பகுப்பாய்வாளர் பெரெல்மானிடம் இன்னொன்று. டாக்டரிடம் மூன்றாவது. மூன்றையும் சொன்னால்தான் கதை.

இரண்டாம் தொடக்கம்: "அல்மாக்ரோ பகுதியில் நாய் வளர்க்கும் எல்லோருக்கும் ஃபாபியானாவைத் தெரியும்."

இது பரவாயில்லை, இதிலேயே போவோம். ஊரார் நாய்களைக் கூலிக்கு நடக்கக் கூட்டிப்போவது அவள் வேலை. காலை எட்டு மணிக்குப் பதினான்கு நாய்களின் வார்களை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு அவள் பூங்காவுக்குக் கிளம்புவாள். கன்றுக்குட்டி உயரத்தில் ஒன்று, கைப்பைக்குள் அடங்குகிற மாதிரி இரண்டு, நடுவில் எல்லா ரகமும். எது எதைக் கண்டால் உறுமும், எது எந்த மரத்தடியில் நிற்கும், எந்த நாயின் எஜமானர்கள் விவாகரத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாயைக்கூடத் தொலைத்ததில்லை. குடை, எனக்குத் தெரிந்து இந்த வருஷம் மட்டும் ஒன்பது. அவள் வீட்டின் இரண்டாவது சாவிக்கொத்து என் வீட்டில், மூன்றாவது காய்கறிக்கடையில். முதல் கொத்து எங்கே என்று கடவுளுக்கே தெரியாது.

(ஒரு சிறு குறிப்பு: நான் பல் டாக்டரிடம் போவதானால்கூடப் பத்து நிமிஷம் முன்னால் போய் வாசலில் நிற்கிற ஜாதி. காக்கவைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இப்படிப்பட்டவன் கையில் இவள் கதை மாட்டியிருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.)

3

இந்தப் பகுதியை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் இது இல்லாமல் மற்றது எதுவும் புரியாது.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் ஊரில் குளிர்காலமான ஒரு ஜூன் மாதத்தில் அவள் அம்மா எல்வீரா இறந்தாள். இரவெல்லாம் உடல் பக்கத்திலேயே இருந்துவிட்டு விடிந்ததும் நெஸ்தோர் தங்கையிடம் சொன்னான்.

"வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வா ஃபாபி. பதினோரு மணிக்கு சாக்கரீத்தா கல்லறை வாசல்ல இரு. பதினொண்ணு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

கேட்டுத்தான் இருந்தது. குளித்து, கறுப்பு உடை போட்டு, தலை வாரி முடித்தபோது மணி ஒன்பது. இரண்டு மணி நேரம் கையில் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது: அம்மாவோடு ஒரு புகைப்படத்தையும் சேர்த்து அடக்கம் பண்ணலாம். மார் தெல் பிளாத்தா கடற்கரையில் நீச்சல் உடையில், கையில் ஐஸ்கிரீம் வழிய, வாய்விட்டுச் சிரிக்கிற படம். அதைத் தேடிச் செருப்புப் பெட்டியைத் திறந்தாள்.

காலம் உறைந்து நின்றது. (இந்த வரியை அடித்துவிட்டேன். காலம் எங்கே நின்றது? அது பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.)

கடற்கரைப் படம் மூன்றாவதாகவே கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கடியில் கல்யாணப் படம் இருந்தது. அதற்கடியில் சுருட்டை முடி வைத்துக்கொண்ட அம்மா, அதற்கடியில் நெஸ்தோரை இடுப்பில் வைத்த அம்மா. ஃபாபியானா தரையில் உட்கார்ந்து அம்மாவை வருஷ வரிசைப்படி அடுக்கினாள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக்கு ஒரு படமும் இல்லையே என்று கவலைப்பட்டாள். தலை நிமிர்ந்தபோது மணி பதினொன்று பத்து.

டாக்ஸி பிடித்து ஓடினாள். கல்லறை வாசலில் கறுப்புக் கார்கள் வளைந்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. பின்னால் முப்பது பேர் நடந்தார்கள். கூட்டத்துக்குள் புகுந்து, பக்கத்தில் நடந்த குண்டு அம்மாள் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வடக்கிலிருந்து வந்த ஏதோ ஒரு அத்தை என்று நினைத்தாள். குழியருகே நின்று அழுதாள். அந்த அழுகையைப் பார்த்து மற்றவர்களும் உடைந்து அழுதார்கள். அவளே முதலில் மண் தள்ளினாள். கடற்கரைப் படத்தை முத்தமிட்டுக் குழிக்குள் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் பெயர்ப் பலகையைப் பார்த்தாள். அன்செல்மோ என்று எழுதியிருந்தது.

கையைப் பிடித்திருந்த குண்டு அம்மாள் அன்செல்மோவின் மனைவி. கணவனின் குழிக்குள் நீச்சல் உடைப் பெண்ணின் படம் விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அவள் பிடி மெல்லத் தளர்ந்தது. அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்பது வேறு கதை. அதை எழுத எனக்குத் தைரியமில்லை. பாவம், அன்செல்மோ.

ஃபாபியானா ஓடினாள். நான்கு வரிசை தள்ளி, நெஸ்தோர் தனியாக நின்றுகொண்டிருந்தான். மற்றவர்கள் போய்விட்டார்கள். குழி மூடியிருந்தது. அவள் வாயைத் திறக்குமுன் அவன் சொன்னான்:

"பதினாலு நாயை ஒருநாளும் மறந்ததில்ல நீ. வரணும்னு நெனச்சிருந்தா வந்திருப்பே."

"நெஸ்தோர், நான் வந்தேன், ஆனா..."

"போதும் ஃபாபி."

அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை விருந்துகளுக்கு அவளைக் கூப்பிடாமல் இல்லை. கரியடுப்பில் இறைச்சி சுட்டு வைப்பான், உப்பை நகர்த்துவான், மழை வரும்போல என்பான். அந்த நாளைப் பற்றி அவன் பேசவும் இல்லை, அவளைப் பேச விடவும் இல்லை. அந்த ஒரு வாக்கியம் மூன்று வருஷமாக அவளுக்குள் கிடந்து குத்திக்கொண்டிருக்கிறது. 'வரவேண்டும் என்று நான் நினைத்தேனா, இல்லையா?' இதற்கு விடை தெரியாமல்தான் அவள் தூக்கம் கெட்டாள்.

4

(அவளுடைய பள்ளிப் பருவத்தைப் பற்றிய இந்தப் பகுதியை, "படிச்சிட்டுத் தப்பைத் திருத்தித் தரேன்" என்று ஃபாபியானா வாங்கிப்போனாள். பேருந்தில் விட்டுவிட்டாளாம். ஊரில் யாரோ ஒருவர் இப்போது அவள் குழந்தைப் பருவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதில் நினைவிருப்பது, அவளுடைய மதிப்பெண் அட்டைகளில் வருஷா வருஷம் வெவ்வேறு ஆசிரியர்கள் எழுதிய ஒரே வரி: "நினைத்தால் முடியும். நினைப்பதில்லை.")

5

இந்த ஊரில் மனப் பகுப்பாய்வாளர் இல்லாத ஆளைப் பார்ப்பது அரிது. காய்கறிக்கடைக்காரருக்கு உண்டு. எனக்கும் உண்டு, அவரை இந்தக் கதைக்குள் விடமாட்டேன். ஃபாபியானா பெரெல்மானிடம் செவ்வாய்தோறும் நாலு மணிக்குப் போகிறாள். நாலேகாலுக்கு, நாலரைக்கு, ஒருமுறை புதன்கிழமை. பதினைந்து வருஷமாக அந்தத் தாமதத்துக்கெல்லாம் அவர் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். வேறெந்த ஊராக இருந்தாலும் ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். நாங்கள் மெத்தையில் படுக்கவைத்து அம்மாவைப் பற்றிக் கேட்போம்.

அடக்கத்துக்கு மறுவாரம் அவள் நடந்ததை அவரிடம் சொன்னாள்.

"அழுதீங்க," என்றார் பெரெல்மான்.

"அழுதேன்."

"வேற ஒருத்தருக்காக."

பிறகு வழக்கம்போல, "இதோட நிறுத்திக்கலாம்."

அவர் நிறுத்திவிட்டார், இவளால் நிறுத்த முடியவில்லை. அம்மாவைப் புதைக்க என் அடிமனதுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது, ஒருவேளை அம்மா மேல் எனக்குப் பாசமே இல்லையோ என்று மூன்று வருஷம் தன்னையே நோண்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் கோபத்தில் சொன்னதையே இவர் படித்த மொழியில் சொல்கிறார் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் பெயர் சூட்டிய மறு செவ்வாய் அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கவனக் குறைபாடு. ம்... யாரோட கவனம்?"

ஃபாபியானா மெத்தையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னோட கவனம் டாக்டர், என்னோடது! பதினஞ்சு வருஷமா நான் லேட்டா வந்தப்பல்லாம் எங்கம்மாவ இழுத்தீங்க. பஸ்காரங்க வேலைநிறுத்தம் பண்ணின அன்னிக்குக்கூட எங்கம்மாவ இழுத்தீங்க! செத்தவள விடுங்களேன்!"

பெரெல்மான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். முன்பெல்லாம் அவர் அவள் தலைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பார். இப்போது முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"அப்படின்னா அன்னிக்கு நீங்க வரத்தான் ஆசைப்பட்டீங்க."

"ஆமா."

"ஆசைப்பட்டும் வர முடியல."

அம்மா மேல் பாசமில்லை என்று நினைத்தபோது குற்ற உணர்ச்சி இருந்தது, துக்கம் இல்லை. இப்போது குற்ற உணர்ச்சியை எடுத்துவிட்டார்கள். அடியில் இத்தனை நாள் காத்திருந்த துக்கம் மொத்தமாக மேலே வந்தது. அன்றைக்கு அவர் "நிறுத்திக்கலாம்" என்று சொல்லவில்லை. அடுத்த ஆள் வெளியே காத்திருக்க, நாற்பது நிமிஷம் கூடுதலாக அவளை அழவிட்டார். காத்திருந்தவரை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது, ஆனாலும் பெரெல்மானை இந்த ஓர் இடத்தில் மன்னித்துவிட்டேன்.

6

இனி டாக்டர் இபார்ரா. சின்ன வயசுக்காரி, படபடவென்று பேசுவாள். அவள் கொடுத்த கேள்வித்தாளில் எழுபது கேள்விகள். முதல் தாளை ஃபாபியானா தொலைத்தாள். இரண்டாவதை நாய் தின்றது (நிஜமாகவே தின்றது; என்ன தாள் என்று அப்போது தெரியாவிட்டாலும் நான் சாட்சி). மூன்றாவதில் முப்பத்தொன்றாம் கேள்வி வரை எழுதி, ஓரத்தில் ஒரு நாயின் படம் வரைந்து கொடுத்தாள். இபார்ரா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மீதி வேண்டாம், போதும்," என்றாளாம்.

ஃபாபியானா அண்ணனின் கேள்வியை அவளிடம் கேட்டாள்.

"பதினாலு நாய மறக்கலையே டாக்டர்? அதெப்படி?"

"நாய் இழுக்கும்ல?"

"இழுக்கும்."

"எது இழுக்குதோ அது பக்கம் உங்க மூளை போயிடும். கடிகாரம் இழுக்காது. சும்மா சுவத்துல தொங்கும்."

"போட்டோ இழுத்துச்சு."

"எந்த போட்டோ?"

ஃபாபியானா சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாளாம்.

சரி, இப்போது என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த டாக்டர் பாத்திரத்தின் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. மறதி யாருக்குத்தான் இல்லை? இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள், மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். என் கூரைக்கு யார் மாத்திரை கொடுப்பது? இதை மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் அவளிடமே கேட்டேன்.

"கோபிச்சுக்காதே. இது ஒரு சாக்கு இல்லையே?"

"சாக்கா? சாக்குன்னா நாப்பத்தேழு வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்க மாட்டேனா? இவ்ளோ திட்டு வாங்கியிருப்பேனா?"

என் குறிப்பிலிருந்து 'சாக்கு' என்ற சொல்லை அடித்தேன்.

மாத்திரை போட்ட முதல் நாள் நாலு மணி நேரம் உட்கார்ந்து கரண்டி, முள்கரண்டி எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்தாள். அன்றைக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலையும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் என் கதவைத் தட்டினாள். கண்கள் கலங்கியிருந்தன.

"தலைக்குள்ள சத்தமே இல்ல. ஒரே ஒரு நெனப்புதான் இருக்கு, அது முடிஞ்சதும் அடுத்தது வருது. நீங்கல்லாம் எப்பவும் இப்படித்தான் இருக்கீங்களா?"

"கிட்டத்தட்ட."

"அடப்பாவிங்களா! ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையே!"

ஏதோ நாங்களெல்லாம் கூடிப் பேசி மறைத்துவைத்த மாதிரி கோபப்பட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்னும் தெரியவில்லை.

7

கதைக்கு முடிவு வேண்டும். அவள் அண்ணனிடம் போய், அன்றைக்கு நான் வர நினைத்தேன் என்று சொல்லி, அவன் நம்பவேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். மூன்று முடிவு எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

முதல் முடிவு: நெஸ்தோர் கண்ணீர் மல்கத் தங்கையைக் கட்டியணைத்து

"யாரு, நெஸ்தோரா? அவன் கால்பந்து டீம் கீழ் பிரிவுக்கு இறங்கினப்ப அழுதான். அதுக்கப்புறம் கண்ணு ஈரமானதில்ல. அடிங்க அத."

அடித்தேன்.

இரண்டாம் முடிவு: அவள் மருத்துவச் சீட்டை நீட்டுகிறாள். அவன் கை துடைத்துக்கொண்டு வாங்கிப் படிக்கிறான். "சோம்பேறித்தனத்துக்கெல்லாம் இப்ப பேர் வெச்சுட்டாங்களா?" என்று சொல்லிவிட்டு இறைச்சியைத் திருப்பிப் போடுகிறான்.

மாத்தேயை ஒரே குடுவையில் மாறி மாறிக் குடிப்பது எங்கள் வழக்கம், ஆனால் ஃபாபியானா குடுவையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"குடிச்சிட்டுக் கொடு. மைக் மாதிரி பிடிச்சிட்டே இருக்கியே," என்றேன்.

"இதுதான் நடக்கும்," என்றாள். குடுவையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மூன்றாம் முடிவு: அவள் எதுவும் சொல்வதில்லை. அவன் உப்பை நகர்த்துகிறான், அவள் எடுத்துக்கொள்கிறாள். வெளியே மழை. இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அடக்கமான, இலக்கியத்தரமான முடிவு. பரிசுக்குக்கூட அனுப்பலாம்.

"உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டாள் ஃபாபியானா. "மூணு வருஷமா இதுதான நடந்துட்டிருக்கு? இது முடிவா? ஞாயித்துக்கெழம போய்ச் சொல்லிட்டு வரேன். நடந்தத எழுதுங்க."

வெட்கமாகத்தான் இருந்தது.

8

ஞாயிறு. நெஸ்தோரின் மனைவி ஃபாபியானாவுக்குச் செய்தி போட்டிருந்தாள்: பன்னிரண்டு மணிக்கு விருந்து. ஃபாபியானா ஏழு அலாரம் வைத்தாள். ஏழாவது அலாரம் நான். ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, "செருப்புப் பெட்டி எதையும் திறக்காதே, கிளம்பு," என்றேன். ரயிலேறி நெஸ்தோர் வசிக்கும் கீல்மெஸ்ஸில் இறங்கினாள். பதினொன்று நாற்பதுக்கே தெருவுக்கு வந்துவிட்டதால் வீட்டைச் சுற்றி நாலு தரம் நடந்தாள். சரியாகப் பன்னிரண்டுக்கு மணியை அடித்தாள்.

கதவைத் திறந்த நெஸ்தோர் சட்டை போட்டிருக்கவில்லை. தலையிலிருந்து ஈரம் சொட்டியது. கையில் பிரிக்காத கரி மூட்டை. தங்கையைப் பார்த்தான். முகம் வெளிறிப் போயிற்று.

"என்ன ஆச்சு? யாரு செத்துட்டாங்க?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் முற்றத்தில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை, மேஜை விரித்திருக்கவில்லை. ஒரு நாற்காலியும் வெளியே வந்திருக்கவில்லை.

"பன்னெண்டுன்னுதான போட்டிருந்தீங்க?"

நெஸ்தோர் தரையைப் பார்த்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விருந்து ஒன்றரைக்கு. எப்போதுமே ஒன்றரைக்குத்தான். அவளுக்கு மட்டும் தனியாகப் பன்னிரண்டு என்று ஒரு நேரம் வைத்திருந்தார்கள். குடும்பம் முழுக்கத் தெரிந்த அந்தத் தந்திரம் அவளுக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் பன்னிரண்டுக்கு அவள் வந்ததே இல்லை. சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது.

"ஃபாபி, பயமுறுத்தாத. யாருன்னு சொல்லு."

"அம்மா," என்றாள்.

அவன் கரி மூட்டையைக் கீழே வைத்தான்.

"அம்மாதான் நெஸ்தோர். நான் அடக்கத்துக்கு வந்தேன். வேற ஒருத்தர் அடக்கத்துக்குள்ள புகுந்துட்டேன். அன்செல்மோன்னு ஒரு ஆளு. அவரோட குழி முன்னாடி நின்னு அம்மாவுக்காக அழுதேன். மண்ணத் தள்ளினேன். அந்த மார் தெல் பிளாத்தா போட்டோவ, ஐஸ்கிரீம் வழியுமே, அத அந்தாளு குழியில போட்டுட்டேன். அவரு பொண்டாட்டி பாத்துட்டிருந்தா. லேட்டானது அந்த போட்டோவாலதான். அம்மா மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்துட்டேன். எனக்கு வரணும்னு இருந்துச்சு நெஸ்தோர். உன் பக்கத்துல நிக்கணும்னு இருந்துச்சு."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். மருத்துவச் சீட்டு பைக்குள்ளேயே இருந்தது. அதைக் காட்ட மறந்துவிட்டாள். அந்தப் பெயரைக்கூட அவனிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து இதுவரைக்கும் சொன்னாள். மீதியையும் சொல்ல வாயெடுத்தாள். நான்தான் வேண்டாமென்று கையைக் காட்டினேன். கேட்டால் எழுதிவிடுவேன். எழுதினால் மெருகு போடுவேன், நெஸ்தோர் சொல்லாத சொல் ஒன்று நிச்சயம் உள்ளே வந்துவிடும். மூன்று முடிவு எழுதி ஏற்கெனவே அவமானப்பட்டாயிற்று.

ஆகவே அடுத்த வரியை நீங்கள்தான் எழுதவேண்டும். உங்களுக்கும் ஒரு தங்கையோ, அண்ணனோ, காக்கவைத்த யாரோ ஒருவரோ இருப்பார்கள். 'நினைத்தால் வந்திருப்பாய்' என்று நீங்களும் ஒரு நாள் யாரிடமோ சொல்லியிருப்பீர்கள். நான் சொல்லியிருக்கிறேன், பலமுறை. நெஸ்தோர் சட்டையில்லாமல், தலையில் ஈரத்தோடு, கரி படிந்த கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். அவன் வாயில் என்ன வைக்கப்போகிறீர்களோ வையுங்கள், நான் திருத்தமாட்டேன்.

ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள். மணி பன்னிரண்டு ஐந்து ஆகிவிட்டது. நாற்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக, காத்துக்கொண்டு நிற்பது அவள்.